எலும்பு கூடும் வரை

சிங்கப்பூரில் கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறை வேலைக்கும் சென்றிருக்கும் தமிழகத் தொழிலாளி ஒருவருக்குப் பணியிடத்தில் கை முறிந்தால் என்னென்ன கிடைக்க வேண்டும் என்பதில் அந்நாட்டுச் சட்டத்துக்கு ஐயமே இல்லை. 2019இல் நிறைவேறி, 2020 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம், விபத்து யாருடைய பிழையால் நேர்ந்தது என்று மெய்ப்பிக்கும் சுமையைத் தொழிலாளியின் தோளில் ஏற்றவில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாகக் காயம் பட்டது என்பதே போதும். மருத்துவச் செலவு முதலாளியைச் சேர்ந்தது. அதன் வரம்பு 2020இல் 45,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). 2025 நவம்பர் முதல் 53,000 வெள்ளி. வெளிநோயாளி விடுப்பில் 14 நாட்கள் வரையிலும் மருத்துவமனை விடுப்பில் 60 நாட்கள் வரையிலும் முழுச் சராசரி ஊதியம் உண்டு. அதற்குப் பின், விபத்து நேர்ந்த நாளிலிருந்து ஓராண்டு முடியும் வரை மூன்றில் இரு பங்கு ஊதியம் உண்டு. அந்தச் சராசரிக் கணக்கில் மிகைநேர ஊதியமும் சேர வேண்டும். உறுப்பு நிலையாகக் குறைபட்டால் அதற்குத் தனி இழப்பீடு. இத்தனைக்குமான காப்பீட்டை உடலுழைப்பாளர் அனைவருக்கும் முதலாளியே எடுத்தாக வேண்டும்.

நல்ல சட்டம். நம் நாட்டில் கட்டடத் தொழிலாளி ஒருவர் சாரத்திலிருந்து விழுந்தால் அவர் குடும்பத்துக்கு நடைமுறையில் என்ன கிடைக்கிறது என்பதை அறிந்தவர்கள் இதைக் குறைத்துப் பேச மாட்டார்கள். ஆயினும் இச்சட்டத்தின் நிழலிலேயே, முறிந்த எலும்பு கூடுமுன் ஊருக்கு அனுப்பப்பட்டவர்களும், கட்டுப் போட்ட கையோடு வேலைத்தளத்துக்கு ஏற்றிச் செல்லப்பட்டவர்களும் இருந்திருக்கிறார்கள், இன்றும் இருக்கிறார்கள். பணம் தருவதாகச் சட்டம் சொல்கிறது. காலத்தைத் தருவது யார் என்பதில்தான் இடர் இருக்கிறது.

எலும்பு முறிவு மற்ற நோய்களைப் போன்றதன்று. மருந்து கொடுத்து விரைவுபடுத்த இயலாதது. மணிக்கட்டில் முறிந்த எலும்பு கூடுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும். தொடையெலும்புக்கு மூன்று மாதம், சில வேளை ஆறு மாதம். இவை நல்ல உணவும் ஓய்வும் கிடைக்கிறவர்களுக்கான கணக்கு. விழும்போது கையை ஊன்றியவர்களுக்கு, பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இருக்கும் படகு வடிவச் சிற்றெலும்பு முறிவதுண்டு. முதல் நாள் எடுத்த எக்ஸ்ரேயில் அம்முறிவு பல வேளைகளில் தென்படுவதில்லை. இரு வாரம் கழித்து மீண்டும் படம் எடுத்தால்தான் தெரியும். அதுவரை முறிந்ததாகவே கருதிக் கட்டுப்போட்டு வைப்பார் தேர்ந்த மருத்துவர். வெறும் சுளுக்கு என்று சொல்லி மறுநாளே இரும்புக் கம்பி தூக்க அனுப்பினால், அவ்வெலும்பின் ஒரு பகுதிக்கு இரத்தவோட்டம் அற்று, கை வாழ்நாள் முழுதும் வலிக்கும். உயரத்திலிருந்து கால் ஊன்றி விழுபவர்க்கு நொறுங்குவது குதிகால் எலும்பு. அது கூடிய பின்னும், மேடு பள்ளமான தரையில் நடப்பதற்கு ஆண்டுக் கணக்கில் துன்பம் தரும். கட்டடத் தளத்தில் சமமான தரை ஏது?

கட்டுப் பிரித்ததும் பணி முடிவதில்லை. மாவுக்கட்டுக்குள் பல வாரம் கிடந்த விரல்கள் விறைத்து மடங்க மறுக்கும். அவற்றை மீண்டும் பழக்க இயன்முறைப் பயிற்சி வேண்டும். வாரந்தோறும் மருத்துவமனை செல்ல வேண்டும். பற்றுக்குறடைப் பிடிக்கும் வலிமை திரும்பினால்தான் கொத்தனாருக்கும் கம்பி கட்டுபவருக்கும் கை திரும்பியதாகப் பொருள். எக்ஸ்ரேயில் எலும்பு கூடிவிட்டது என்ற அளவில் நிறுத்திக்கொள்ளும் சிகிச்சை, மேசையில் அமர்ந்து எழுதுபவருக்குப் போதுமானதாக இருக்கலாம். உடலை நம்பிப் பிழைக்கிறவருக்கு அது பாதிச் சிகிச்சையே.

இந்தக் காலம் முழுவதும் அயல்நாட்டுத் தொழிலாளி எங்கே தங்குவார், யார் சோறு போடுவார், எந்த அனுமதியின் பேரில் அந்நாட்டில் இருப்பார் என்று கேட்டுப் பார்த்தால், மூன்றுக்கும் ஒரே விடைதான்: முதலாளி. வேலை அனுமதிச் சீட்டு அவர் பெயரோடு பிணைந்தது. அதை நீக்கவும் அவரால் முடியும். விடுதியில் கட்டிலுக்கு வாடகை கட்டுபவர் அவர். காயம் பட்டவரை மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்வது அவருடைய வண்டி. செலவை ஏற்பதாக மருத்துவமனைக்கு எழுதித் தரப்படும் உத்தரவாதக் கடிதமும் அவர் கையொப்பத்தோடு வர வேண்டும். அது வரத் தாமதமானால் உடனடித் தேவையல்லாத அறுவை தள்ளிப்போகும். மருத்துவரின் அறைக்குள் உடன் செல்வதும் பெரும்பாலும் நிறுவனத்தின் மேற்பார்வையாளர். எப்படி விழுந்தீர், எங்கே வலி, வலி எத்தகையது என்று மருத்துவர் ஆங்கிலத்தில் கேட்கிறார். விடை மேற்பார்வையாளரின் வாயிலிருந்து வருகிறது. தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட நாட்டில், தமிழ்த் தொழிலாளி தன் வலியைத் தமிழில் சொல்ல ஒரு நடுநிலையான மொழிபெயர்ப்பாளர் எல்லா மருத்துவமனையிலும் இல்லாதிருப்பது நமக்குத் தாங்க இயலாத வருத்தம் தருகிறது.

அடுத்து வருவது, தொழிலாளர்கள் 'எம்.சி.' என்று சொல்லும் மருத்துவ விடுப்புச் சீட்டு. விடுப்பு நாள் கூடக் கூட நிறுவனத்தின் விபத்துக் கணக்கு கூடும். காப்பீட்டுக் கட்டணம் உயரலாம். தளத்தின் பாதுகாப்பைப் பற்றி மனிதவள அமைச்சு கேள்வி கேட்கலாம். ஆகவே விடுப்புக்குப் பதிலாக 'லைட் டூட்டி' எழுதித் தருமாறு மருத்துவரிடம் கேட்கும் வழக்கம் வேரூன்றியது. இலகு வேலை என்பது தாளில் இருக்கும் சொல். தளத்துக்குப் போனபின் அது எதுவாக இருக்கும் என்பதை மருத்துவர் பார்ப்பதில்லை.

இது வெறும் குற்றச்சாட்டு என்று யாரும் தள்ளிவிட முடியாதபடி சிங்கப்பூர் நீதிமன்றமே 2016இல் ஒரு தீர்ப்பு அளித்திருக்கிறது. 2011இல் கட்டடத் தொழிலாளி ஒருவர் தளத்தில் விழுந்து வலக்கையில் எலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை நடந்தது. அறுவைக்குப் பின் அவருக்கு எழுதப்பட்ட மருத்துவ விடுப்பு இரண்டே நாட்கள். அதன்பின் இலகு வேலை. அத்தகைய வேலை அந்தத் தளத்தில் உண்மையில் உண்டா, ஓய்வெடுத்துத் தேற அவருக்கு இடமும் சூழலும் உண்டா என்பது உறுதிசெய்யப்படவில்லை. மருத்துவர்களைப் பதிவுசெய்து கண்காணிக்கும் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் ஒழுங்கு விசாரணைக் குழு முதலில் அந்த மருத்துவரைக் குற்றமற்றவர் என்றது. மன்றமே மேல்முறையீடு செய்ய, மூன்று நீதிபதிகள் அமர்வு அவரைக் குற்றவாளி எனக் கண்டு ஆறு மாதம் மருத்துவத் தொழில் செய்யத் தடை விதித்தது. விடுப்பு எழுதுவது அலுவலகச் சடங்கு ஆகாது, சிகிச்சையின் பகுதியே என்பதை நிலைநாட்டிய தீர்ப்பு அது. அத்தீர்ப்பை அளித்த நீதிமன்றத்தையும், தன்னிடம் பதிவுபெற்றவருக்கு எதிராகவே மேல்முறையீட்டுக்குச் சென்ற மருத்துவ மன்றத்தையும் நாம் மனமாரப் போற்றுகிறோம்.

அதே அக்கறை புதிய சட்டத்திலும் தெரிகிறது. முன்பு பொதுவாக மூன்று நாட்களுக்கு மேற்பட்ட விடுப்பு தரப்பட்ட விபத்தையே அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. 2020 செப்டம்பர் முதல் ஒரு நாள் விடுப்பையும், இலகு வேலைப் பரிந்துரையையும்கூட முதலாளி தெரிவித்தாக வேண்டும். இலகு வேலைக் காலத்துக்கும் சராசரி ஊதியக் கணக்கிலேயே ஈடு தர வேண்டும். விடுப்பைக் குறைத்து விபத்தை மறைக்கும் ஆசைக்கு இது ஒரு தடை. பணியிட மரணங்கள் 2022இல் 46ஆக உயர்ந்தபோது சிங்கப்பூர் அரசு கடுமையாக நடந்துகொண்டதையும், 2023இல் அது 36ஆகக் குறைந்ததையும் நாம் அறிவோம். மரணத்தைத் தடுக்கக் காட்டிய அதே உறுதியை, உயிர் பிழைத்து உடல் சிதைந்தவர்கள் விடயத்திலும் காட்ட முடியும் என்பதே நம் நம்பிக்கை.

அனுமதிச் சீட்டு நீக்கப்பட்ட பின்னும் இழப்பீட்டு வழக்கு முடியாத தொழிலாளிக்குச் 'ஸ்பெஷல் பாஸ்' என்ற தற்காலிகச் சீட்டு தரப்படுகிறது. அதை வைத்துக்கொண்டு நாட்டில் இருக்கலாம். பொதுவாக வேலை செய்ய இயலாது. ஊருக்குத் திருப்பி அனுப்பும் வரை பராமரிக்கும் கடமை முதலாளிக்கு உண்டு என்கிறது சட்டம். ஆனால், வழக்குத் தொடுத்தவருக்கு வழக்குத் தொடுக்கப்பட்டவரே சோறு போட வேண்டும் என்ற ஏற்பாடு எவ்வளவு தூரம் நிலைக்கும்? நிறுவனத்தின் விடுதியிலேயே தங்கியிருந்தால் நேரே வானூர்தி நிலையத்துக்கு ஏற்றிவிடுவார்களோ என்று அஞ்சி வெளியேறியவர்கள் பலர். அவர்களுக்காக டிடபிள்யூசி2 என்ற தொண்டமைப்பு 2008 முதல் லிட்டில் இந்தியா பகுதியில் இலவச உணவு வழங்கி வருகிறது. கழுத்திலிருந்து தொங்கும் துணித் தூளியில் கட்டுப்போட்ட கையும், அக்குள் இடுக்கில் எக்ஸ்ரே உறையுமாக வந்து, இடக்கையால் உண்ணப் பழகாமல் திணறும் இளைஞர்களை அங்கே காணலாம். 2006இல் தொடங்கிய ஹெல்த்செர்வ் அமைப்பு கேலாங்கில் குறைந்த கட்டணத்தில் இவர்களுக்கு மருத்துவம் பார்க்கிறது. இவ்விரு அமைப்புகளிலும் உழைப்பவர்களுள் பெரும்பாலோர் நம் மொழியும் பேசாதவர், நம் நாட்டையும் சேராதவர். தமிழ் நாளிதழ் ஒன்றின் தலையங்கத்தில் அவர்களுக்கு நன்றி சொல்லாமல் விடுவது தகாது.

இத்தனை துன்பத்தையும் ஏன் வாய்திறவாமல் தாங்குகிறார்கள் என்று கேட்போர் உண்டு. கடன்தான் காரணம். சிங்கப்பூர் முகவர் நிறுவனங்கள் தொழிலாளியிடம் இரண்டு மாத ஊதியத்துக்கு மேல் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அந்நாட்டு விதி. ஆனால் புதுக்கோட்டையிலும் சிவகங்கையிலும் திருவாரூரிலும் இருக்கும் இடைத்தரகருக்கு அவ்விதி பொருந்தாது. நகையை அடகு வைத்தும் நிலத்தை ஒத்திக்கு விட்டும் திரட்டிய சில இலட்சம் ரூபாயைத் தரகரிடம் கொடுத்துவிட்டுச் செல்லும் இளைஞர், முதல் ஆண்டில் உழைப்பது பெரும்பாலும் வட்டிக்கே. அந்த நிலையில் கால் முறிந்தால் அவர் முதலில் அஞ்சுவது வலியை அன்று, செய்தி ஊருக்கு எட்டிவிடுவதை. விடுதியின் இரண்டடுக்குக் கட்டிலில் மேல்தட்டில் இருந்தவர், கீழ்த்தட்டு நண்பரிடம் இடம் மாற்றிக் கேட்டுப் படுத்துக்கொண்டு, ஊருக்குக் காணொளியில் பேசும்போது முகத்தை மட்டும் காட்டுகிறார். மனைவிக்குத் தெரிந்தால் மாமனாருக்குத் தெரியும். மாமனாருக்குத் தெரிந்தால் வட்டிக்காரருக்குத் தெரியும். ஆகவே, எட்டு வாரம் ஓய்வு வேண்டுமென்று மருத்துவர் சொன்னாலும், மூன்றாம் வாரமே வேலைக்கு வருகிறேன் என்று சொல்பவர் அவராகவே இருக்கிறார். அதை அவர் விருப்பம் என்று எழுதி வைத்துக்கொள்வது நிறுவனத்துக்கு எளிது.

ஊர் திரும்பியவரின் நிலை வேறு. எலும்புக்குள் தகடும் திருகாணியும் இருக்கும். அவை எந்த அளவு, எந்த வகை என்பதைச் சொல்லும் அறுவைக் குறிப்பு கையில் இராது. இங்குள்ள மருத்துவர் அவற்றை அகற்ற வேண்டுமானால் புதிதாகப் படம் எடுத்து, ஊகித்துச் செயற்பட வேண்டும். உறுப்புக் குறைபாட்டை மதிப்பிட, காயம் ஒரு நிலைக்கு வந்திருக்க வேண்டும். அதற்குமுன் அனுப்பப்பட்டவர்க்கு மதிப்பீடே நடந்திராது. விபத்து நடந்த ஓராண்டுக்குள் இழப்பீடு கோரலாம் என்ற விதி அவருக்கும் உண்டு. அறந்தாங்கிக்கு அருகே ஒரு சிற்றூரில் ஊன்றுகோலோடு அமர்ந்திருப்பவர், அதை எந்த அலுவலகத்துக்கு எழுதிக் கேட்பார்?

இந்திய அரசு வெளிநாடு செல்லும் தொழிலாளருக்காக 2003இல் பிரவாசி பாரதிய பீமா யோசனா என்ற காப்பீட்டைத் தொடங்கியது. இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய் கட்டினால் விபத்து மரணத்துக்கும் நிலையான ஊனத்துக்கும் 10 இலட்சம் ரூபாய், காயத்துக்கான மருத்துவத்துக்கு 1 இலட்சம் ரூபாய் வரை. குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்குச் செல்வோருக்கு மட்டுமே அது கட்டாயம். வளைகுடா நாடுகளும் மலேசியாவும் அப்பட்டியலில் உள்ளன, சிங்கப்பூர் இல்லை. பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு எந்த நாட்டுக்கும் அவ்வனுமதி வேண்டியதில்லை. பள்ளிக் கல்வி பரவிய தமிழ்நாட்டில் இதன் விளைவு, படித்துவிட்டுக் கட்டட வேலைக்குப் போகும் நம் இளைஞர்களுள் பெரும்பகுதியினர் அக்காப்பீட்டுக்கு வெளியே நிற்பது. படித்தவருக்குப் பாதுகாப்பு வேண்டியதில்லை என்று கருதி வகுத்த விதி, சாரத்தின் மேல் நிற்பவரின் படிப்பு அவரை விழாமல் காக்காது என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

நூறு ஆண்டுக்கு முன் நிலைமை இவ்வளவு பாராமுகமாக இருக்கவில்லை என்பது எண்ணத் தக்கது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியேற்றச் சட்டத்தின்படி, மலாயாவிலும் இலங்கையிலும் இந்திய அரசின் முகவர்கள் அமர்த்தப்பட்டார்கள். தோட்டங்களுக்குச் சென்று தொழிலாளரின் குடியிருப்பையும் மருத்துவமனையையும் பார்த்து எழுதுவது அவர்கள் கடமை. அடிமைப்பட்ட நாட்டின் அரசு அது. அதன் முகவருக்கு அதிகாரம் குறைவு. ஆயினும் நோயுற்ற கூலியாளின் படுக்கையருகே சென்று நிற்க ஓர் ஆள் இருக்க வேண்டும் என்ற எண்ணமாவது இருந்தது. விடுதலை பெற்ற நாட்டின் தூதரகத்தில், முறிந்த காலோடு மருத்துவமனையில் கிடப்பவரைத் தேடிச் செல்வதையே முழுநேரப் பணியாகக் கொண்ட தமிழ் தெரிந்த அலுவலர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும்.

மலேசியாவின் பட்டறிவு ஒன்றும் இங்கே உதவும். 1993இல் அயல்நாட்டுத் தொழிலாளரைச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவிலிருந்து விலக்கிய அந்நாடு, 2019 சனவரி 1 முதல் வேலைக்காயத் திட்டத்தில் அவர்களை மீண்டும் சேர்த்துக்கொண்டது. குறைகள் அங்கும் உண்டு. எனினும், காயம் பட்டவரின் கோரிக்கை முதலாளி தேர்ந்தெடுத்த தனியார் காப்பீட்டாளரிடம் போகாமல் ஒரு பொது நிறுவனத்திடம் போகிறது. சிங்கப்பூரும் வேலைசாராத நோய்களுக்கான காப்பீட்டின் வரம்பை 2023 சூலையில் 15,000 வெள்ளியிலிருந்து 60,000 வெள்ளியாக உயர்த்தியது. தொகையை உயர்த்துவதில் தயங்காத அரசு அது. இன்னும் ஒரு படி ஏறி, வேலையில் முறிவு நேர்ந்த தொழிலாளியின் அனுமதிச் சீட்டை, சிகிச்சை செய்யும் மருத்துவர் எழுத்தில் விடுவிக்கும் நாள் வரை முதலாளி நீக்க இயலாது என்று ஒரு விதி செய்ய வேண்டும். இருக்கும் உரிமைகள் அனைத்தும் அந்த ஒரு விதியைச் சார்ந்து நிற்கின்றன. தங்க முடியாதவருக்கு 53,000 வெள்ளி வரம்பும் பயன்படாது, ஓராண்டு ஊதிய உரிமையும் பயன்படாது.

சிங்கப்பூர் அரசிடம் இதைக் கேட்க நமக்குத் தகுதி உண்டா? உண்டு என்றே சொல்வோம். 2021 டிசம்பரில் தொடங்கிய நம்மைக் காக்கும் 48 திட்டத்தில், தமிழ்நாட்டுச் சாலையில் விபத்துக்கு உள்ளானவர் எந்த மாநிலத்தவர், எந்த நாட்டவர் என்று கேளாமல் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கிறது. பிறர் மக்களை அவ்வாறு நடத்தும் அரசு, தன் மக்களுக்காகப் பிறரிடம் பேசத் தயங்க வேண்டியதில்லை.

தமிழ்நாடு அரசு தன் கையிலேயே இருப்பதையும் செய்ய வேண்டும். வெளிநாடுவாழ் தமிழர் நலனுக்கென 2011இல் சட்டம் இயற்றினோம். தனித் துறையும் வாரியமும் இருக்கின்றன. அத்துறை, பயணத்துக்கு முன் ஒவ்வொரு தொழிலாளிக்கும் இழப்பீட்டுச் சட்டத்தின் சாரத்தையும் விபத்து நேர்ந்த அன்றே சேர்க்க வேண்டிய சான்றுகளையும் தமிழில் கற்பிக்கட்டும். திருச்சி, மதுரை, தஞ்சை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் எலும்பு மருத்துவப் பிரிவில், வெளிநாட்டில் முறிவுற்றுத் திரும்பியவருக்கு வருமான வரம்பு பாராமல் தொடர் சிகிச்சையும், தகடு அகற்றும் அறுவையும், இயன்முறைப் பயிற்சியும் கிடைக்கட்டும். வெளிநாட்டில் சிகிச்சை அளித்த மருத்துவரின் குறிப்புகளைத் தூதரகத்தின் வழி கேட்டுப் பெறவும், ஓராண்டு கெடு முடியுமுன் இழப்பீட்டு விண்ணப்பத்தை அனுப்பி வைக்கவும் மாவட்டந்தோறும் ஓர் அலுவலர் பொறுப்பேற்கட்டும். ஆண்டுதோறும் சனவரி 12 அன்று அயலகத் தமிழர் நாள் சென்னையில் சிறப்பாக நடக்கிறது; பல நாடுகளிலிருந்தும் சாதித்த தமிழர்கள் மேடையேறுகிறார்கள். அடுத்த ஆண்டு அந்த மேடையில் இத்திட்டத்துக்கான நிதியை முதலமைச்சர் அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.